ஓல்டு ஃபேஷன்டு: ஓர் அளவுப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் மாலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியவர் இயந்திரப் பொறியியல் 2007-2011 அணியைச் சேர்ந்தவர்.)



சங்கச் செயலர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "தம்பி, அமெரிக்காவிலே இத்தனை வருஷமா இருக்கே, பிள்ளைங்களுக்கு ஏதாவது உருப்படியா பேசு" என்றார். "விஸ்கியிலே காக்டெயில் கலக்குறதைப் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மௌனம். அப்புறம் மெதுவாக, "ஆட்டோமேஷன் பத்திப் பேசலாமேப்பா" என்றார். நான் பேசப்போவதை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, பேசு. ஆனா பாதியிலே நிறுத்திடாதே. பாதி கேட்டவன் கெட்டுப் போயிடுவான்" என்றார். ஆகவே ஒரு வேண்டுகோள். டீ குடிக்கப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.

மாணவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலும் சரி, நான் இருக்கும் ஊரிலும் சரி, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். உங்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. கணக்குப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரில். ஓஹையோ ஆற்றங்கரை. போர்பன் என்ற விஸ்கிக்குப் பேர் போன மண். அந்த மாநிலத்தில் மனிதர்களைவிட விஸ்கிப் பீப்பாய்கள் அதிகம். இது ஜோக் இல்லை, உண்மைக் கணக்கு. சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் தண்ணீரில் இரும்புச் சத்து இருக்காது, அதனால் விஸ்கி காய்ச்ச நல்லது என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

போர்பனுக்குச் சட்டமே இருக்கிறது. மாவில் குறைந்தது 51 சதவீதம் சோளம், அதாவது நம்ம மக்காச்சோளம், இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பீப்பாய் புது ஓக் மரத்தில் செய்து, உள்பக்கம் நெருப்பில் கருக்கியதாக இருக்க வேண்டும். ஒருமுறை போர்பனுக்குப் பயன்படுத்திய பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. பழைய பீப்பாய்களில் பல ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறிவிடும். 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் தங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானமே போட்டது.

நம்ம ஊர்ச் சரக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண இந்திய விஸ்கியில் பெரும்பங்கு கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. நம்மவர்களால் நல்லதும் செய்ய முடியும். பெங்களூரின் அம்ருத் 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை இறக்கியது. சாமர்த்தியத்துக்கு நம்மிடம் எப்போதுமே குறைவில்லை, அளவுதான் இடிக்கும். அந்த விஷயத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

இனி கதாநாயகன். பெயர் ஓல்டு ஃபேஷன்டு. விஸ்கி காக்டெயில்களுக்கெல்லாம் இதைத் தாத்தா என்று சொல்லலாம். 1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில், காக்டெயில் என்றால் என்னங்க என்று ஒரு வாசகர் கேட்டார். ஆசிரியர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு மருந்து, இந்த நாலும் சேர்ந்தது. அவ்வளவுதான் சூத்திரம். பிறகு வந்த பார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த லிக்யூர், இந்த லிக்யூர், பழத்துண்டு என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போனார்கள். வயதான வாடிக்கையாளர்கள் கடுப்பாகி, "இதெல்லாம் வேண்டாம்பா, அந்தப் பழைய மாதிரியே கொடு" என்று கேட்டார்கள். அந்தப் "பழைய மாதிரி" என்பதே பெயராக நின்றுவிட்டது.

எங்கள் லூயிவில்காரர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தங்கள் ஊர் பென்டென்னிஸ் கிளப்பில்தான் இது பிறந்தது என்பார்கள். அந்தக் கிளப் தொடங்கியது 1881-ல். ஆனால் 1880-லேயே சிகாகோப் பத்திரிகை ஒன்றில் இந்தப் பெயர் அச்சாகிவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு ஆஸ்பத்திரி கட்டிய கதை. நான் அந்த ஊரிலேயே குடியிருப்பதால் இதை அங்கே உரக்கச் சொல்வதில்லை.

செய்முறைக்கு வருவோம். நானும் முதலில் ஏதோ விஸ்கி, சர்க்கரை, ஐஸ்தானே என்று அலட்சியமாகத்தான் நினைத்தேன். நாலே பொருள் என்றால் நாலும் சரியாக இருந்தாக வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. ரசம் மாதிரி. இருபது சாமான் போடும் குருமாவில் ஒன்று தப்பினாலும் மறைந்துவிடும். ரசத்தில் உப்பு தப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

முதல் சாமான் விஸ்கி. 60 மில்லி, 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் உள்ள போர்பன். இதைவிடக் காரமாக வேண்டுமென்றால் ரை விஸ்கி.

இரண்டாவது சர்க்கரை. பழைய முறையில் ஒரு சர்க்கரைக் கட்டியை டம்ளரில் போட்டு, பிட்டர்ஸும் சில சொட்டுத் தண்ணீரும் விட்டு நசுக்குவார்கள். இங்கேதான் முதல் எஞ்சினியரிங் பிரச்னை. சர்க்கரை தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. முதலில் விஸ்கியை ஊற்றிவிட்டு அப்புறம் சர்க்கரையைப் போட்டால் கடைசி மடக்கில் பல்லில் நரநரவென்று கடிபடும். அதனால் பாகு செய்து வைத்துக்கொள்வது சுலபம். எடையில் இரண்டு பங்கு நாட்டுச் சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கரையும் வரை சூடு. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இதில் ஒரு டீஸ்பூன், 5 மில்லி, ஒரு சர்க்கரைக் கட்டிக்குச் சமம். என் மனைவி ஊரிலிருந்து கொண்டு வந்த கருப்பட்டியில் ஒருமுறை செய்தேன். வெள்ளைச் சர்க்கரை பக்கத்தில் நிற்கவே முடியாது.

மூன்றாவது பிட்டர்ஸ். கசப்பு வேர், பட்டை, வாசனைச் சாமான்களை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. நம்ம அரிஷ்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். இதில் பிரபலமானது ஆங்கஸ்டூரா. 1824-ல் வெனிசுவேலாவில் ஆங்கஸ்டூரா என்ற ஊரில் இருந்த சீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகச் செய்தது. பிறகு டிரினிடாடுக்குப் போய்விட்டது. பாட்டிலைவிட லேபிள் பெரிசாக, தம்பிக்கு அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு உதறல் போதும். உப்பு மாதிரிதான். அது இருப்பது தெரியக் கூடாது, இல்லாதது தெரிய வேண்டும்.

நான்காவது தண்ணீர். அதாவது ஐஸ். இந்தக் காக்டெயிலின் உயிரே இதுதான். முன் வரிசையில் எங்கள் தெர்மோடைனமிக்ஸ் சார் உட்கார்ந்திருக்கிறார். சார், தப்பிருந்தால் இப்போதாவது மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், டிகிரி சர்டிபிகேட் வாங்கிவிட்டேன்.

60 மில்லி விஸ்கியின் எடை சுமார் 57 கிராம். அதை 25 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர சுமார் 5,700 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் இழுத்துக்கொள்ளும். ஆகச் சுமார் 17 கிராம் ஐஸ் உருகினால்தான் விஸ்கி குளிரும். உருகாமல் குளிராது. உருகிய ஐஸ் தண்ணீராகி விஸ்கியில் கலக்கும். நண்பர்கள் சிலர் ஐஸ் உருகுவதைக் கண்டு பதறுவார்கள். பதற வேண்டாம், அது ரெசிப்பியிலேயே உள்ள தண்ணீர்.

ஆனால் வேகமாக உருகக் கூடாது. அதற்குத்தான் பெரிய ஐஸ். 5 சென்டிமீட்டர் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை எட்டாக வெட்டினால் ஐஸ் அளவு அதேதான், மேற்பரப்பு மட்டும் 300. உருகுவதெல்லாம் மேற்பரப்பில்தான். அதனால் ஒரே பெரிய கட்டி போட்டால் முதல் மடக்குக்கும் கடைசி மடக்குக்கும் சுவை பெரிதாக மாறாது.

கண்ணாடி மாதிரி ஐஸ் வேண்டுமென்றால் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைக்கச் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன், பிரயோஜனமில்லை. சின்ன ஐஸ் பெட்டி ஒன்றில் தண்ணீரை ஊற்றி, மூடி போடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பக்கமும் அடியும் வெப்பக் காப்பு, மேலே மட்டும் திறப்பு. உறைவது மேலிருந்து கீழே நடக்கும். கரைந்திருந்த காற்றும் உப்பும் அடியில் தள்ளப்படும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, அடிப்பகுதி உறைவதற்கு முன்னால் எடுத்து, மேலே உள்ள தெளிந்த பாளத்தை ரொட்டிக் கத்தியால் கீறி வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது சேர்மானம். தடித்த டம்ளரில் பாகு, பிட்டர்ஸ், விஸ்கி. ஐஸ் கட்டியை இறக்குங்கள். நீளக் கரண்டியால் அரை நிமிடம் சத்தம் வராமல் சுற்றுங்கள். குலுக்கக் கூடாது. ஆரஞ்சுத் தோலில் இரண்டு விரல் அகலம் சீவி, வெளிப்பக்கம் டம்ளரைப் பார்க்கிற மாதிரி வைத்து ஒரு மடி மடியுங்கள். தோலில் இருக்கும் எண்ணெய் பனித்துளி மாதிரி மேலே படியும். அந்தத் தோலையே உள்ளே போடுங்கள். முடிந்தது வேலை.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதற்குப் பிறகு இதில் ஆரஞ்சுத் துண்டு, சிவப்பு செர்ரி எல்லாம் போட்டு நசுக்கிப் பழக் கூழாக்கும் வழக்கம் பரவியது. விஸ்கான்சின் மாநிலத்தில் விஸ்கியையே எடுத்துவிட்டு பிராந்தி ஊற்றி, மேலே சோடாவும் விடுவார்கள். அவரவர் ஊர், அவரவர் சாம்பார். சண்டை வேண்டாம்.

செயலர் அண்ணன் என்னைப் பார்க்கிறார். பாதி முடிந்தது அண்ணே, மீதிக்கு வருகிறேன்.

2020-ல் ஊரடங்கு வந்தது. வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினால் அடுத்து என்ன என்று தெரியாது. அப்போதுதான் இந்த ஓல்டு ஃபேஷன்டு பைத்தியம் பிடித்தது. இரவு ஒன்று. சில சமயம், ஐஸ் இன்னும் மீதி இருக்கிறதே, வீணாகுதே என்று மேலே ஒரு அரை. யாராவது கேட்டால், "ராத்திரி ஒண்ணு, ஒண்ணரை, அவ்வளவுதான்" என்பேன். நானும் மனசார அதைத்தான் நம்பினேன்.

2021 தொடக்கத்தில் ஒரு நாள். ஐஸ், பாகு, எல்லாவற்றையும் இவ்வளவு கணக்காகச் செய்கிறோமே, ஆனால் நான் செய்யும் டிரிங்க் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லையே என்று யோசித்தேன். குவாலிட்டி கன்ட்ரோல் பார்க்கும் ஆள் நான். மாறுவது எது என்று கண்டுபிடிக்க வேண்டாமா? பாகுக்கு ஸ்பூன், பிட்டர்ஸுக்குச் சொட்டு, ஐஸுக்கு ஸ்கேல். விஸ்கிக்கு மட்டும் என் கண்தான் அளவு. என் மனைவி கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு கிச்சனில் இருந்தது. அதில் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, எப்போதும் போல "60 மில்லி" ஊற்றினேன்.

தராசு 88 கிராம் காட்டியது. கணக்குப் போட்டால் 94 மில்லி.

தராசுதான் ரிப்பேர் என்று நினைத்தேன். தண்ணீரை அளந்து ஊற்றிச் சரிபார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த மேலே ஊற்றும் அரை, 47 மில்லி. ஆக ஒரு இரவுக்கு 141 மில்லி. 750 மில்லி பாட்டில் ஐந்து நாளைக்குச் சற்று அதிகம் வரும். சனிக்கிழமை வாங்கும் பாட்டில் வியாழன் இரவு ஏன் தீர்ந்துபோகிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதுவரை கடைக்குப் போகும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கணக்குப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற என் மனைவி ஒன்றும் திட்டவில்லை. "ஏங்க, அதை கிராமிலே சொல்லுங்க" என்றாள். அவள் மருந்தாளுநர். சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று கேட்கிறாள். மாணவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் வராது, வாழ்க்கையில் வரும். மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.789-ஆல் பெருக்க வேண்டும். அது ஆல்கஹாலின் அடர்த்தி. 141 மில்லி, 45 சதவீதம், வருவது 50 கிராம். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம். அப்படியென்றால் என் வாயில் "ஒண்ணரை" என்று வந்தது, என் ஈரலுக்கு மூன்றரை. அமெரிக்க அரசு 2020-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, குடிக்கிற ஆண்களுக்கே நாளொன்றுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று என்பதைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது.

இதே கணக்கை நம்ம ஊருக்குப் போடுவோம். நம்ம விஸ்கி, பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பெருக்கினால் சுமார் 61 கிராம். நாலு டிரிங்குக்கு மேலே. "பீர்தானேடா, அது ஜூஸ் மாதிரி" என்று எங்கள் காலத்தில் ஒரு தத்துவம் உண்டு, இப்போதும் இருக்கும். 650 மில்லி பாட்டில் ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 41 கிராம். மூன்று டிரிங்க். ஜூஸ் இல்லைங்க அது.

இன்னொரு விஷயம். ஐஸ் உருகி விஸ்கியில் கலக்கும் என்றேன் அல்லவா? 45 சதவீதம் அப்போது 33-க்குப் பக்கத்தில் வந்துவிடும். நாக்குக்கு மென்மையாகிவிடும், சர்க்கரை வேறு. ஆனால் 60 மில்லியில் இருந்த 27 மில்லி ஆல்கஹால் அப்படியே 27 மில்லிதான். காரம் குறைகிறதே தவிர சரக்கு குறைவதில்லை. நல்லா கலக்கின காக்டெயிலின் அபாயமே அது நல்லா இருப்பதுதான்.

உள்ளே போனதை ஈரல் தன் வேகத்தில்தான் எரிக்கும். சராசரி உடம்புக்கு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம். கெமிக்கல் டிபார்ட்மென்ட் தம்பிகளுக்குப் புரியும், ஏறத்தாழ ஜீரோ ஆர்டர் ரியாக்ஷன். எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடாது. மோர், எலுமிச்சைச் சாறு, காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், எதுவும் அதை விரட்டாது. 50 கிராம் தீர ஐந்து முதல் ஏழு மணி நேரம். "தூங்கி எழுந்துட்டேன், வண்டி ஓட்டலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. கென்டக்கியில் 80. நம்ம சட்டம்தான் கண்டிப்பு.

அன்றைக்கே ஜிகர் என்ற சின்ன அளவுக் கிண்ணம் வாங்கினேன். ஒரு பக்கம் 60, மறுபக்கம் 30. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, தேதி போட்டுக் கோடு கிழித்தேன். முதல் வாரம் அந்தத் தாளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலே எனக்கு ஒரு செய்தி சொன்னது. இப்போது சனிக்கிழமை மட்டும் ஒன்று, அளந்து. பல சனிக்கிழமை அதுவும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதைப் பேச வந்திருக்க மாட்டேன். என் கணக்கை நான் சரி பண்ணிக்கொண்டேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். "ஒண்ணரைன்னு சொல்லிட்டு மூணரை குடிச்சிட்டிருந்தேன்டா" என்று எப்படிச் சொல்வது? ஊருக்கு வரும்போதெல்லாம் வழக்கம் போல ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் அனுமதித்த இரண்டு லிட்டரையும் வாங்கி வருவேன். அதில் ஒரு பாட்டில் எப்போதும் என் ரூம்மேட்டுக்கு. எங்கள் அணியில் எந்த விசேஷம் என்றாலும் ஊற்றுவது அவன்தான். "நான் ஊத்தினா மில்லி தப்பாதுடா" என்பான். நாங்களும் கை தட்டுவோம்.

2023 டிசம்பரில் வருவதற்கு முன் அவனே கூப்பிட்டான். "மச்சான், இந்தத் தடவை பாட்டில் வேண்டாம்டா." "ஏன்டா, பிராண்டு மாத்தணுமா?" என்றேன், விளையாட்டாக. அவன் சிரிக்கவில்லை. மஞ்சள் காமாலை என்று போனவனுக்கு டாக்டர் ஈரல் ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறார். ஒரு சொட்டு கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் அவன் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "வருஷம் முழுக்க நான் குடிச்சது வேற சரக்குடா. நீ கொண்டு வர்றதை மட்டும்தான் வீட்டிலே எல்லார் முன்னாலேயும் குடிப்பேன். ஃபாரின் சரக்குன்னா யாரும் குடின்னு சொல்ல மாட்டாங்க பாரு."

நான் கொடுத்தது அன்பளிப்பு என்று நினைத்தேன். அவனுக்கு அது மறைப்புத் துணி. என் தராசு 94 என்று காட்டிய பிறகும் இரண்டு முறை பாட்டிலோடு வந்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, "மாப்ள, நான் அளந்து பார்த்தேன்டா, தப்பா இருந்துச்சு, நீயும் ஒரு தடவை அளந்து பாரேன்" என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வினாடி ஆகியிருக்கும். சொல்லவில்லை.

அவன் இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறான். எங்கே என்று திரும்பிப் பார்க்காதீர்கள். "என் கதையைச் சொல்லு, பேரை மட்டும் சொல்லாதே" என்று அனுமதி கொடுத்தான். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு சொட்டு இல்லை. அவன் அதைத் தனியாகச் செய்யவில்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம் மட்டும் இல்லை, வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். இதைப் பலர் அறியாததால் அழுத்திச் சொல்கிறேன்.

அந்த டிசம்பரில் அவன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மற்ற நண்பர்களும் வந்திருந்தார்கள். அவன் கையில் பிளாஸ்டிக் கப்பில் ஏதோ கலர் சோடா. எனக்குத் தாங்கவில்லை. கீழே சமையலறைக்குப் போனேன். அவன் அம்மாவிடம், "அம்மா, சுக்கு இருக்கா, கருப்பட்டி இருக்கா?" என்று கேட்டேன். "யாருக்குப்பா சளி?" என்றார்கள்.

தேயிலையைக் கெட்டியாக, பால் இல்லாமல், இரண்டு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவைத்தேன். அதில் 60 மில்லி. கருப்பட்டிப் பாகு ஒரு டீஸ்பூன். பிட்டர்ஸ் கிடையாது, அதிலும் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, அவனுக்கு அந்தச் சொட்டும் வேண்டாம். கசப்புக்குத் தேயிலையே போதும். டிபன் டப்பாவில் உறையவைத்த பெரிய ஐஸ் கட்டி. தடித்த கண்ணாடி டம்ளர். மேலே கமலா ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தேன். அன்று இருந்த எல்லோருக்கும் அதையே கொடுத்தேன், எனக்கும். அவன் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மில்லி தப்பாம ஊத்தியிருக்கியேடா" என்றான்.

வீட்டில் கலக்குவதானால் தாராளமாகக் கலக்குங்கள். 21 தாண்டியவர்கள், வண்டி எடுக்க வேண்டியில்லாதவர்கள், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவர்கள். நல்ல விஸ்கியோ கருப்பட்டித் தேநீரோ, ஐஸ் பெரிதாக இருக்கட்டும், ஆரஞ்சு புதிதாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சின்ன அளவுக் கிண்ணத்தை முதலில் வாங்குங்கள். கடையில் கிடைக்காவிட்டால் இருமல் மருந்து பாட்டிலோடு வரும் மூடி இருக்கிறதே, அதில் கூட மில்லிக் கோடு போட்டிருக்கும். உங்கள் வழக்கப்படி கண்ணளவில் ஊற்றி, அதை அளந்து பாருங்கள். இந்தக் கல்லூரி நமக்கு நாலு வருஷம் சொல்லிக் கொடுத்ததே அதுதானே, அளக்காததை நம்பாதே என்று. லேபில் வெர்னியரைப் பிடித்து 0.02 மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டவர்கள் நாம். வந்த எண் உங்களுக்குப் பிடிக்காவிட்டால், தராசைக் குறை சொல்லாதீர்கள்.

அந்த எண்ணை ஒரு நண்பனிடமாவது சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அது ஒன்றுதான்.

மாணவத் தம்பிகளே, விடுதியில் உங்கள் கூட்டத்திலும் "நான் ஊத்தினா தப்பாது" என்று ஒருவன் இருப்பான். அவனுக்குக் கை தட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

டின்னர் தயார் என்று செயலர் அண்ணன் சைகை காட்டுகிறார். வெளியே பந்தலில், மெஸ் அண்ணன் உதவியோடு, கருப்பட்டித் தேநீரில் செய்த ஓல்டு ஃபேஷன்டு இருநூறு டம்ளர் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 60 மில்லி. அளந்தது.